சகல பரிசுத்தவான்கள் திருநாள்

கிறிஸ்து பிறப்பும் உயிர்த்தெழுதலுமாகிய பெருநாட்களை அறியாதார் நம்மில் ஒருவருமிலர். நவம்பர் மாதம் முதல் தேதி யாது திருநாள் என வினவினாலோ, விசுவாசிகளிலும் பலர் விடை கூறத் தயங்குவர். அது சகல பரிசுத்தவான்கள் திருநாள். முற்காலக் கத்தோலிக்கர் அதனைச் சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள் என்றனர்.

புதுவையில் இத்திருநாள் மறக்கப்படுதற்குக் காரணம் இரண்டுண்டு. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர் முதல் தேதியே ஆட்சி கைமாறிற்று. ஆதலால் அந்நாள் விடுதலை நாளாயிற்று. அன்றியும், மறுநாள் கல்லறைத் திருநாள். அதன் பொருட்டுப் பெரிய மார்க்கெட்டில் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்குவோரின் கருத்தெல்லாம் தம் குடும்பத்து மரித்தோர் மேலேயே இருக்கும். முதல் தேதி அரசாங்க விடுமுறையாயிருக்கும் பிரான்சு தேசத்திலும், மக்கள் அந்நாளிலேயே சாமந்திப் பூக்களுடன் கல்லறைக்குச் செல்கின்றனர்.

இவ்விரண்டும் போற்றற்குரியனவே. ஆயினும் மூன்றாவதொன்று இவற்றினிடையே மறைந்துபோகலாகாது. அது தோன்றிய வரலாற்றை நோக்குவோம்.

ஆதித் திருச்சபையார் இரத்தசாட்சி ஒவ்வொருவரும் மரித்த நாளைத் தனித்தனியே கொண்டாடினர். 303ஆம் ஆண்டில் தயோக்கிளேசியன் தொடங்கிய கலாபனையில் மாண்டவர் மிகப் பலராதலின், ஆளுக்கொரு நாள் ஒதுக்க இயலாதாயிற்று. பலர் பெயரும் தெரியவில்லை. ஆகவே அனைவர்க்கும் பொதுவானதொரு நாள் வேண்டப்பட்டது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்காம் பொனிப்பாசு பாப்பரசர், உரோமாபுரியிலுள்ள பந்தேயோன் என்னும் பழங்கோயிலைத் தேவமாதாவுக்கும் சகல இரத்தசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் நவம்பர் முதல் தேதி மேற்றிசை நாடுகளில் நிலைபெற்றது. கல்லறைத் திருநாளோ பதினொன்றாம் நூற்றாண்டை ஒட்டிக் குளூனி மடத்து அதிபர் ஒதிலோ ஏற்படுத்தியதாகும். எனவே முதல் தேதித் திருநாளே மூத்தது.

இதனால் இக்காலத்தவர்க்கு விளையும் பயன் யாது? நம் நாட்டுத் தேவசகாயம் பிள்ளை 1752ஆம் ஆண்டில் ஆரல்வாய்மொழியருகே கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டில் புனிதரென அறிவிக்கப்பட்டார். அவரை நினைத்தற்குத் தனியொரு நாள் உண்டு. சரித்திரத்தில் ஒரு வரியேனும் பெறாது மறைந்த விசுவாசிகளுக்கு நவம்பர் முதல் தேதியன்றி வேறு நாளில்லை.

பரிசுத்தம் என்பது துறவியர்க்கும் அற்புதம் செய்தவர்க்குமே உரியதென்று நாம் எண்ணிவிடுகின்றோம். அவ்வெண்ணம் நமக்குச் சோம்பலையும், எளியோர்க்கு மனத்தளர்ச்சியையும் விளைக்கின்றது. பவுல் அப்போஸ்தலரோ, பட்டணங்களில் தொழில் செய்து வாழ்ந்திருந்த சாதாரண விசுவாசிகளையே பரிசுத்தவான்கள் என விளித்தெழுதினார். கள்ளத்தராசைக் கடவுள் அருவருக்கிறார் என்பது வேதத்தின் போதனை. அங்ஙனமாயின், பெரிய மார்க்கெட்டில் விடியற்காலை முதல் அமர்ந்து, யாரும் கவனியாத வேளையிலும் நிறை குறையாமல் நிறுத்துக் கொடுக்கும் காய்கறிக்காரியின் நேர்மையும் அவர் முன்னிலையில் மதிப்புடையதேயன்றோ?

ஆதலால், வரும் நவம்பர் முதல் தேதியில் விடுதலையை நினைந்து நன்றி செலுத்துவோம். மறுநாளைக்கு வேண்டிய பூக்களையும் வாங்குவோம். அன்று மாலை, நமக்கு ஜெபிக்கக் கற்பித்த பாட்டியையோ, பெயரறியா உபதேசியாரையோ நினைந்து கடவுளைத் துதித்து, அவர்கள் நடந்த வழியில் நாமும் நடக்க அருள் வேண்டுவோமாக.