மின்சாரக் கிதார்: ஒலி பிறக்கும் விதமும் சாதனங்களின் தேர்வும்

தில்லி மாநகரில் இசைக்கருவி வாணிகம் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் லாகூரிலிருந்து குடிபெயர்ந்து கன்னாட் பிளேஸில் கடை அமைத்த ரிக்கி ராம் குடும்பத்தாரிடம், 1966-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தில்லிக்கு வந்த பீட்டில்ஸ் குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் ஒரு சித்தார் வாங்கிச் சென்றார். மேல்நாட்டுக் கிதார் கலைஞர் நம் சித்தாரை நாடியது போலவே நம் இளைஞரும் மின்சாரக் கிதாரை நாடினர். 1990-இல் இந்தியன் ஓஷன், 1991-இல் பரிக்ரமா ஆகிய குழுக்கள் தில்லியில் தோன்றின. தெற்கே மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினில் கர்நாடக இசையின் கமகங்களை வாசித்துக் காட்டினார். இன்று வீடுகளிலும் பள்ளிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் மின்சாரக் கிதாரைப் பொழுதுபோக்காகப் பயில்வோர் பலர்.

இவர்களுக்கும், இவர்களுக்காகக் கருவி வாங்கும் பொறுப்புள்ள ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. விலை மிகுந்த கிதாரும் பெரிய ஆம்பிளிபையரும் இருந்தால்தான் நல்ல ஒலி கிட்டும் என்பதே அது. இவ்வெண்ணத்தால் பணம் வீணாவதோடு, செவிக்கும் சில சமயம் உயிருக்குமே கேடு விளைகிறது. மின்சாரக் கிதாரின் ஒலி எந்த ஒரு பொருளிலும் அடங்கியிருப்பதன்று. தந்தி, பிக்கப், கேபிள், ஆம்பிளிபையர், ஒலிபெருக்கி, கேட்பவரின் செவி ஆகிய ஒரு தொடரின் விளைவே அது. ஒவ்வோர் உறுப்பின் வேலையையும் அறிந்தவர் சிறு செலவிலேயே நிறைவான ஒலியைப் பெற இயலும்.

தந்தியும் பிக்கப்பும்

கிதாரின் ஆறு தந்திகளும் வழக்கமான சுருதியில் வினாடிக்கு 82.4 அதிர்வு முதல் 329.6 அதிர்வு வரை ஒலிக்கின்றன. எனினும் மீட்டப்பட்ட தந்தி ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. அடிப்படை ஒலியுடன் அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகளும் கலந்தே எழுகின்றன. இவற்றுக்கு மேற்சுரங்கள் என்று பெயர். இவை கலந்திருக்கும் விகிதமே ஒலியின் குணத்தை நிர்ணயிக்கிறது. குதிரைக்கு அருகில் மீட்டினால் ஒலி கூர்மையாகவும், நடுவில் மீட்டினால் மென்மையாகவும் இருப்பது இதனாலேயே. சர் சி. வி. ராமன் 1921-இல் வீணை, தம்பூரா ஆகியவற்றைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில், தம்பூராவின் வளைந்த குதிரையும் ஜீவா எனப்படும் நூலும் மேற்சுரங்களை வளப்படுத்தும் விதத்தை ஆராய்ந்தார். குதிரையில் செய்யும் சிறு மாற்றமும் ஒலியின் குணத்தை மாற்றும் என்பதற்கு அது சிறந்த சான்று.

திண்ணிய மரக்கட்டையால் ஆன மின்சாரக் கிதாருக்குக் குடம் இல்லை. ஆகவே தந்தியின் அதிர்வு மின்சாரமாக மாற்றப்பட வேண்டும். இவ்வேலையைச் செய்வது பிக்கப். காந்தங்களைச் சுற்றி, தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பி ஏழாயிரம் எண்ணாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி காந்தப் புலத்தில் அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் புலம் மாறி, அதில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் தத்துவமே இது. அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் 1931-இல் இவ்வகைக் கிதாரின் முன்மாதிரியை உருவாக்கினார். 1937-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

பிக்கப் இருக்கும் இடமும் முக்கியமானது. பல கிதார்களில் கழுத்தை ஒட்டிய பிக்கப், குதிரையிலிருந்து தந்தி நீளத்தின் ஏறத்தாழ கால் பங்கு தொலைவில் உள்ளது. தந்தியின் நான்காம் மேற்சுரத்துக்கு அவ்விடம் கணுவாதலால் அங்கே அம்மேற்சுரம் அடங்குகிறது, ஒலி கனிவாகிறது. குதிரையை ஒட்டிய பிக்கப்பிலோ உயர்ந்த மேற்சுரங்கள் மேலோங்குவதால் ஒலி கூர்மை பெறுகிறது. இவ்விரண்டையும் மாற்றித் தரும் சுவிட்சும், ஒலி குணத்தை மாற்றும் திருகும் கிதாரிலேயே உள்ளன. புதிய சாதனம் தேடுமுன் இவற்றைப் பயன்படுத்திப் பழகுதல் நன்று. தந்திகளையும் பிக்கப்பையும் நோக்க, திண்ணிய கட்டையின் மரவகை ஒலியில் வகிக்கும் பங்கு சிறியது.

இரைச்சலும் கேபிளும்

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மாறுதிசை மின்சாரம். வீட்டு மின்கம்பிகளைச் சூழ்ந்த காந்தப் புலத்தையும் பிக்கப் வாங்கிக்கொள்வதால் "ம்ம்" என்ற இரைச்சல் எழுகிறது. மின்னணு முறையில் இயங்கும் மின்விசிறி ரெகுலேட்டர்களும் தரம் குறைந்த விளக்குகளும் இதனை மிகுவிக்கின்றன. 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இதற்கொரு தீர்வு கண்டார். எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டு, எதிரெதிர்க் காந்த முனைகள் கொண்ட இரு சுருள்களை இணைத்தால், வெளி இரைச்சல் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். தந்தியின் ஒலியோ கூடும். இதுவே ஹம்பக்கர். கம்பிகள் நெருங்கிய அடுக்குமாடி வீடுகளுக்கு இவ்வகை பிக்கப் ஏற்றது.

கேபிளின் நீளம் பெரும்பாலோர் கவனியாத செய்தி. சுருளின் தூண்டல் திறனும் கேபிளின் மின்தேக்குத் திறனும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை எடுத்துக்காட்டி, அதற்கு மேற்பட்டவற்றை மங்கச் செய்கின்றன. சுருளின் தூண்டல் திறன் 2.5 ஹென்றி, அதன் சொந்த மின்தேக்குத் திறன் 100 பிக்கோபாரட், கேபிளுக்கு மீட்டர் ஒன்றுக்கு 100 பிக்கோபாரட் என்று கொள்வோம். 3 மீட்டர் கேபிளில் அந்த அதிர்வெண் ஏறத்தாழ 5,000. 9 மீட்டர் கேபிளிலோ அது 3,200 ஆகக் குறைகிறது. ஒலி மங்கிவிட்டதென்று புதிய பிக்கப் வாங்க எண்ணுபவர் முதலில் கேபிளைக் குறைத்துப் பார்க்கலாம்.

ஆம்பிளிபையரும் ஒலிபெருக்கியும்

பிக்கப் தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் சிறு பின்னமே. அதனைப் பெருக்குவது ஆம்பிளிபையர். அதன் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் செலுத்தப்பட்டால் அலையின் முகடுகள் வெட்டுண்டு, புதிய மேற்சுரங்கள் தோன்றுகின்றன. ராக் இசையில் விரும்பப்படும் முரட்டு ஒலி இதுவே. பழைய வால்வு ஆம்பிளிபையர்களை முழு அளவில் முடுக்கி இதனைப் பெற்றனர். இக்காலத்துச் சிறு சாதனங்கள் மின்னணுக் கணக்கீட்டால் இதே விளைவைத் தாழ்ந்த ஒலியிலேயே தருகின்றன.

கிதாருக்கென அமைந்த ஒலிபெருக்கி ஏறத்தாழ 5,000 அதிர்வுக்கு மேற்பட்டவற்றைப் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. இது குறையன்று, முரட்டு ஒலியின் கரகரப்பை இதுவே வடிகட்டுகிறது. எனவே முரட்டு ஒலியைச் சாதாரண ஹெட்போனிலோ வானொலிப் பெட்டியிலோ நேரே செலுத்தினால் காதைக் கீறும். ஹெட்போனில் பயில விரும்புவோர், ஒலிபெருக்கிப் பெட்டியின் வடிகட்டலைப் போலச் செய்யும் அமைப்புள்ள சாதனத்தையே வாங்க வேண்டும்.

எத்தனை வாட் வேண்டும்?

சக்தியைப் பத்து மடங்கு பெருக்கினால் ஒலி 10 டெசிபல் உயரும். செவிக்கு அது ஏறத்தாழ இருமடங்காக மட்டுமே தோன்றும். ஆகவே 100 வாட் ஆம்பிளிபையர் 10 வாட் ஆம்பிளிபையரைவிடப் பத்து மடங்கு உரத்ததன்று. சாதாரணக் கிதார் ஒலிபெருக்கி ஒரே வாட் சக்தியில் ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும். அறையில் பயில 5 வாட் தாராளமாகப் போதும்.

ஒலி மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு விதிக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அமைதி மண்டலங்களாக அறிவிக்கப்படும் பள்ளி, மருத்துவமனைச் சூழல்களில் வரம்பு முறையே 50, 40 டெசிபல். நூறு வாட் சாதனத்தைத் தில்லியின் அடுக்குமாடி வீட்டில் அதற்குரிய அளவில் இயக்க வழியே இல்லை என்பது இதனால் விளங்கும்.

செவியின் பாதுகாப்பு

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி வயது வந்தோர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரையிலும், சிறுவர் 75 டெசிபல் வரையிலும் கேட்கலாம். ஒலி 3 டெசிபல் உயருந்தோறும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 80 டெசிபலில் 40 மணி நேரம் எனில் 90 டெசிபலில் ஏறத்தாழ 4 மணி நேரமே. உட்செவியின் நுண்ணிய உரோம அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பயிற்சிக்குப் பின் காதில் ரீங்காரம் கேட்டால் ஒலி மிகுதியாயிற்று என்றே கொள்க. ஹெட்போன் அணிந்தால் ஆபத்தில்லை என்பது தவறு. ஒலித் திருகைத் தாழ்த்தி வைத்த பின்பே அதனை அணிதல் வேண்டும்.

எர்த் இணைப்பு

இரைச்சலைத் தணிப்பதற்காகக் கிதாரின் தந்திகள் ஆம்பிளிபையரின் வழியே எர்த்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இதன் பொருள், வாசிப்பவரின் விரல்கள் எப்பொழுதும் ஆம்பிளிபையரின் உலோகச் சட்டத்தோடு தொடர்புற்றுள்ளன என்பதே. எர்த் அறுந்த நிலையில் உள்ளே மின்கசிவு ஏற்படின் 230 வோல்ட்டும் தந்திகளுக்கு வரக்கூடும். 1972-இல் ஸ்காட்லாந்து நாட்டு இசைக்குழு ஒன்றின் கிதார் கலைஞரான லெஸ்லி ஹார்வி, வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகர மேடையில், கிதாரை ஏந்தியவாறு எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதால் மின்சாரம் தாக்கி மாண்டார்.

இரைச்சலைக் குறைக்கவென்று மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை ஒடிப்பதோ, இரண்டு முனை அடாப்டர் வழியே செருகுவதோ ஒருபோதும் கூடாது. பள்ளி மேடைகளில் ஆம்பிளிபையர், மைக் இரண்டையும் எர்த் சோதிக்கப்பட்ட ஒரே இணைப்பிலிருந்து எடுப்பதும், 30 மில்லியாம்பியர் கசிவுக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சைப் பொருத்துவதும் இன்றியமையாதவை. இச்சோதனைகளைத் தகுதி பெற்ற மின் பணியாளரே செய்ய வேண்டும்.

தில்லியின் பருவநிலை

தில்லியில் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ஜனவரி இரவுகளில் 5 டிகிரிக்கு அருகில் இறங்கும். வெப்பத்தால் எஃகுத் தந்தி நீண்டு தளர, சுருதி இறங்குகிறது. மரத்தைப் பாதிப்பதோ பெரும்பாலும் காற்றின் ஈரமே. லூ எனப்படும் வறண்ட காற்று வீசும் நாட்களில் கழுத்துப் பலகை சுருங்கி, மெட்டுகளின் ஓரங்கள் வெளியே துருத்தி விரலைக் கீறும். மழைக்காலத்தில் பலகை பருத்துக் கழுத்து வளையும். கழுத்தினுள் உள்ள எஃகுத் தண்டைச் சிறிதளவு திருகி இதனைச் சரிசெய்யலாம். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது உகந்தது. ஏர்கூலரின் ஈரக்காற்று நேரே படும் இடத்திலும், ஹீட்டரின் அருகிலும் கிதாரை வைத்தல் ஆகாது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரம் உலகெங்கும் கிதார்களின் கழுத்துப் பலகைக்குப் பயன்படுகிறது. அவ்வுறுதியான மரமும் இவ்விதிக்கு விலக்கன்று.

பயிற்சிக்கு வேண்டியவை

வாங்கும்போது முதற்கவனம் கழுத்தின் நேர்மையிலும், மெட்டுகளின் சமத்துவத்திலும், பிரடைகள் நழுவாமையிலும் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நீளத்தைப் பாதியாக்குவது. அங்கே அழுத்தி மீட்டிய ஒலியும், அழுத்தாது தொட்டு எழுப்பிய மேற்சுரமும் ஒரே சுருதியில் ஒலித்தால் குதிரை சரியாக அமைந்துள்ளது என அறியலாம். புதிதாகப் பயில்வோருக்கு 0.009 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய தந்திகள் விரலுக்கு இதமானவை.

இத்துடன் ஹெட்போன் இணைப்புள்ள 5 வாட் ஆம்பிளிபையர் ஒன்று, 3 மீட்டர் கேபிள் ஒன்று, கிதாரின் தலையில் கவ்வவைக்கும் சுருதிகாட்டி ஒன்று, லயம் பழக மெட்ரோனோம் ஒன்று ஆகியவை தொடக்கத்துக்குப் போதுமானவை. மெட்ரோனோம், சுருதிகாட்டி இரண்டின் வேலையையும் கைபேசியே செய்யவல்லது. ஒலியை மாற்றும் பெடல்களைக் கை பழகிய பின் வாங்கிக்கொள்ளலாம்.

வகுப்பறைச் சோதனைகள்

பள்ளியில் கிதார் இருப்பின் அது பௌதிக ஆசிரியருக்கும் உதவும். அதிரும் எஃகு இசைக்கவையைப் பிக்கப்பின் அருகே பிடித்தால் ஒலிபெருக்கியில் அதன் ஒலி கேட்கும். எஃகுத் தந்தி ஒன்றைக் கழற்றி நைலான் இழையைக் கட்டி மீட்டினால் ஒலி வாராது. காற்றின் அதிர்வையன்று, காந்தப் புலத்தின் மாறுதலையே பிக்கப் உணர்கிறது என்பதை மாணவர் இதனால் தெளிவாக அறிவர். ஆம்பிளிபையரின் ஒலியைத் தாழ்த்தி வைத்து, எர்த்தைச் சோதித்த பின்னரே இவற்றைச் செய்து காட்டுதல் வேண்டும்.

சுருங்கக் கூறின், பாதுகாப்பான மின் இணைப்புக்கு முதலிடமும், கிதாரின் செம்மையான அமைப்புக்கு இரண்டாமிடமும், அறைக்கேற்ற சிறிய ஆம்பிளிபையருக்கு மூன்றாமிடமும் தந்து செலவைத் திட்டமிட வேண்டும். பிற சாதனங்கள் அனைத்தும் இவற்றுக்குப் பின்னரே.