சார்ஜ்: ஒரு சொல்லும் பல சுமைகளும்

வெளி மாநிலங்களில் அலுவல் பார்க்கும் தமிழர் நாள்தோறும் கையாளும் ஆங்கிலச் சொற்களுள் 'சார்ஜ்' என்பது ஒன்று. டில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் ஒருவர் காலையில் புதிய பதவியின் சார்ஜை ஏற்கிறார். வண்டிக்காரரிடம் சார்ஜ் எவ்வளவு என்று கேட்கிறார். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுகிறார். அடுத்த மேசைக்காரருக்குச் சார்ஜ் ஷீட் வந்துவிட்டதென்று கேள்வியுற்று வருந்துகிறார். மாலைச் செய்தியில் எங்கோ லத்தி சார்ஜ் நடந்ததாகக் கேட்கிறார். பதவியும் பணமும் மின்சாரமும் பழியும் அடியும் எவ்வாறு ஒரே சொல்லுக்குள் புகுந்தன என நேயர்களுள் சிலரேனும் வியந்திருக்கக் கூடும்.

இச்சொல்லின் வேர் வண்டியில் இருக்கிறது. இலத்தீன் மொழியில் 'கர்ருஸ்' என்பது வண்டியின் பெயர். அதிலிருந்து, வண்டியில் பாரம் ஏற்றுதல் என்னும் பொருளுடைய 'கர்ரிகாரே' என்ற வினை பிற்கால இலத்தீனில் தோன்றியது. அதுவே பிரெஞ்சு மொழியின் வழியே ஆங்கிலத்தில் நுழைந்து சார்ஜ் ஆயிற்று. கப்பலில் செல்லும் 'கார்கோ', சாலையில் ஓடும் 'கார்', ஒருவருடைய மூக்கின் மீது அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றிக் காட்டும் 'காரிகேச்சர்' என்ற கேலிச்சித்திரம் ஆகிய யாவும் அவ்வண்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

சுமை என்னும் இம்மூலப் பொருளை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். துப்பாக்கியில் மருந்து திணிப்பது அதற்குச் சுமை ஏற்றுவது. மின்கலத்தில் மின்சாரம் சேர்ப்பதும் அத்தகையதே. பதவி தோளின் மேல் வைத்த சுமை. கட்டணம் பணப்பையின் மேல் வைத்த சுமை. குற்றச்சாட்டு பெயரின் மேல் வைத்த சுமை. குதிரைப்படையின் பாய்ச்சலுக்கும் இப்பெயர் உண்டு. 1854ஆம் ஆண்டு பலக்ளாவாப் போர்க்களத்தில் ஆங்கிலேயக் குதிரைவீரர் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்ததை டென்னிசன் பாடியமையால் அப்பொருள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததாயிற்று. நம் நாட்டு ஆங்கிலத்தின் லத்தி சார்ஜ் அப்போர்க்களத்துச் சொல்லின் பேரப்பிள்ளை எனலாம். தமிழில் 'தடியடி' என்று மழுப்பாமல் சொல்லிவிடுகிறோம்.

இதே கற்பனை நம் மொழியிலும் உறைந்திருப்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. குற்றத்தை நாம் 'சுமத்துகிறோம்'. 'பொறுப்பு' என்ற சொல், தாங்குதல் என்னும் பொருள்படும் 'பொறு' என்ற வினையினின்று பிறந்தது. கைப்பேசியில் 'சார்ஜ் ஏறவில்லை' என்று சொல்லும் இல்லத்தரசி, இலத்தீன் வண்டிக்காரனின் கருத்தைத் தாம் அறியாமலே காப்பாற்றி வைத்திருக்கிறார். இலங்கைத் தமிழர் அறிவியல் நூல்களில் 'மின்னேற்றம்' என்றே எழுதுகின்றனர். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'மின்னூட்ட'த்தைவிட அது மூலத்திற்கு நெருங்கியது என்பது நம் கருத்து.

நாம் குடியேறிய ஊர்களின் மொழிகளும் இவ்வாறே நினைக்கின்றன. இந்தியில் பதவியேற்பது 'கார்யபார்' ஏற்பது, பொறுப்பாளர் 'பிரபாரி'. மராட்டியில் 'பதபார்' என்பர். வங்கத்தில் பொறுப்பு அதிகாரி 'பாரப்பிராப்தர்', அதாவது பாரத்தைப் பெற்றவர். 'ஆரோப்' என்னும் குற்றச்சாட்டும் மேலே ஏற்றுதல் என்ற வடமொழிப் பொருளிலிருந்து வந்ததே. அலுவலகப் பலகையில் இச்சொற்களைக் கண்டு மலைப்பவர் 'பாரம்' என்ற நம் வீட்டுச் சொல்லை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும்.

சொல்லாராய்ச்சி ஒருபுறம் இருக்க, இச்சொல் தாங்கி வரும் காகிதம் நம் கைக்கு வரும்போது எந்தச் சுமை என்று அறியாமல் இருத்தல் கூடாது. பதவி மாற்றத்தின்போது சார்ஜ் ரிப்போர்ட்டில் இடும் கையொப்பத்தைப் பலர் வெறும் சடங்காகக் கருதுகின்றனர். பணப்பெட்டி, பொருட்கிடங்கு, கோப்புகள் ஆகியவற்றை எண்ணிப் பாராமல் கையொப்பமிட்டால், முன்னவர் காலத்துக் குறைக்கும் நம்மையே முதலில் வினவுவர்.

அலுவலகத்தில் தரப்படும் சார்ஜ் ஷீட் தண்டனை ஆணை அன்று. அரசியலமைப்பின் 311ஆம் பிரிவின்படி, அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்வதற்கோ பதவி இறக்குவதற்கோ முன்னர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அவர் மீதுள்ள குற்றச்சாட்டுகளைத் தெரிவித்து, மறுமொழி கூற நியாயமான வாய்ப்பு அளித்து விசாரித்தல் வேண்டும். அஞ்சி அதனைப் பெற மறுப்பதனால் பயனில்லை. பெற்றுக்கொண்டு, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே, குறித்த நாட்களுக்குள் எழுத்தில் விடையளிப்பதே முறை.

காவல் துறையின் சார்ஜ் ஷீட் வேறு. புலன்விசாரணை முடிந்தபின் நீதிமன்றத்துக்கு அளிக்கும் அறிக்கை அது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு அதைக் குறித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 193ஆம் பிரிவு. அவ்வறிக்கையை ஆராய்ந்து நீதிமன்றமே வனைவது 'சார்ஜ்'. போலீசார் தாள் கொடுத்த அன்றே ஒருவரைக் குற்றவாளி என்று ஊருக்குக் கடிதம் எழுதுவோர் உளர். அவர் சுமை சுமத்தப்பட்டவர், அவ்வளவே.

இனி வீடு வாங்குவோர்க்கு ஒரு சொல். சொத்துப் பத்திரத்தில் சார்ஜ் என்று கண்டால், அது கட்டணம் என்று எண்ணிக் கடந்து செல்லலாகாது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, ஒருவருக்குச் சேரவேண்டிய பணத்திற்கு அச்சொத்து ஈடாக நிற்கிறது என்பதே அதன் பொருள். அது அடமானம் அன்று. ஆயினும் கடன் தீருமளவும் வீட்டின் தலைமேல் அமர்ந்திருக்கும். நம் ஊரில் வில்லங்கம் பார்த்தல் என்று பெரியவர்கள் சொல்வது இத்தகைய சுமைகளைத் தேடுவதையே.

கட்டணப் பொருளில் இச்சொல்லுக்கு உறவினர் பலர். 'பஸ் சார்ஜ்' என்று நாம் பேசினும், பயணப்படிக் கணக்கில் 'ஃபேர்' என எழுதுதலே செம்மை. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் தருவது 'ஃபீ', சாலைக்கும் பாலத்துக்கும் 'டோல்', கடைப்பொருளுக்கு 'பிரைஸ்'. ஒருவர் செய்த பணிக்காகக் கேட்கும் தொகைக்கே சார்ஜ் பொருந்தும்.

'தி' என்ற சிற்றிடைச்சொல் செய்யும் வேலையையும் காண்க. ஒருவர் 'இன் சார்ஜ்' என்றால் சுமப்பவர் அவர். 'இன் தி சார்ஜ்' என்றால் அவரைப் பிறர் சுமக்கின்றனர். விண்ணப்பத்தில் இதை மாற்றி எழுதினால் மேலாளர் குழந்தையாகிவிடுவார்!

இறக்கிவைத்தல் 'டிஸ்சார்ஜ்'. கப்பல் சரக்கை இறக்குவதும், மருத்துவமனையினின்று நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதும், கடன் தீர்வதும் இதனுள் அடங்கும். நீதிமன்றத்தில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். வழக்கு விசாரணைக்கு முன்னரே, போதிய ஆதாரம் இல்லையென விடுவித்தல் டிஸ்சார்ஜ்; விசாரணை முடிந்து குற்றமற்றவர் எனத் தீர்த்தல் 'அக்விட்டல்'. பின்னது பெற்றவரை அதே குற்றத்திற்காக மறுமுறை விசாரித்தல் இயலாது. முன்னது பெற்றவர் மீது புதிய ஆதாரம் கிடைத்தால் சுமை மீண்டும் ஏறலாம். ஆகவே தீர்ப்பின் நகலில் இவ்விரண்டில் எச்சொல் இருக்கிறது என்று பார்த்துப் பத்திரப்படுத்தல் வேண்டும்.