மனநல மையத்தில் தவறு நடந்தால் யாரிடம் கேட்பது? தென்காசி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டமும் உரிமையும்

காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில சேர்த்தா, சரியா கவனிக்கலைன்னு டாக்டர்கிட்டயே நேரா கேட்டுடுவோம். மனநல மையத்திலோ, போதை மறுவாழ்வு மையத்திலோ சேர்த்துவிட்டால்? உள்ளே இருப்பவர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். வெளியே இருக்கும் குடும்பத்துக்கோ யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாது.

ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அதற்கு வழி செய்திருக்கிறது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது, தென்காசி மாவட்ட மக்கள் அதை எப்படிப் பயன்படுத்தலாம்? பார்ப்போம்.

கண்காணிப்பு ஏன் முக்கியம்?

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். மனநலக் காப்பகங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சொல்லும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதே இருந்தது. ஆனாலும் அந்தக் காப்பகத்தில் மனிதர்களைச் சங்கிலியில் கட்டி வைப்பதை யாரும் தடுக்கவில்லை.

22 ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் காப்பகம் செய்தியில் வந்தது. அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலான பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போனார்கள். உரிய அனுமதி இல்லாமல் காப்பகம் இயங்கியது தெரியவந்தது. முதியோர், மனநலம் பாதித்தோர் என நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது.

இரண்டு சம்பவங்களிலும் சட்டம் இருந்தது. ஆனால் உள்ளூரில் முன்கூட்டியே போய்ப் பார்த்து, கேள்வி கேட்டவர் யாரும் இல்லை.

தென்காசியில் என்ன நிலை?

திருநெல்வேலியில் இருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று உருவான மாவட்டம் தென்காசி. மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. பெரிய மருத்துவமனை வேண்டும் என்றால் பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். புளியரையில் இருந்தோ சிவகிரியில் இருந்தோ ஒருவரை அழைத்துக்கொண்டு போய் வருவதற்கே ஒரு நாள் கூலி போய்விடும்.

இந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான் மாவட்ட மனநலத் திட்டம் கொண்டுவரப்பட்டது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட குழு தாலுகா மருத்துவமனைகளுக்கே வந்து பார்க்க வேண்டும், மாத்திரையை அங்கேயே தர வேண்டும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. குற்றால அருவியில் குளித்தால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கை தென் மாவட்டங்களில் பழையது. சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சந்நிதி முன்பு உள்ள சக்கரத்தில் மனநலம் பாதித்தவர்களை உட்கார வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. வேண்டுதலைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் எந்த இடமாக இருந்தாலும் மனநலம் பாதித்தவரைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது 95ஆவது பிரிவு. வேண்டுதலுக்குப் போனாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க என்பதுதான் மனநல மருத்துவர்கள் சொல்வது.

மனநல சீராய்வு மன்றம்னா என்ன?

மாவட்டத்துக்கு ஒன்று, அல்லது சில மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒன்று என அமைக்கப்படும் 6 பேர் கொண்ட அமைப்பு இது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோ, ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியோ தலைவராக இருப்பார். ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், மற்றொரு மருத்துவர் ஒருவர் உறுப்பினர்கள். மீதி 2 இடங்கள் மனநலப் பாதிப்பை அனுபவித்தவர்கள், அவர்களைப் பராமரிப்பவர்கள் அல்லது இந்தத் துறையில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தினருக்கு.

யார் மனு செய்யலாம்? பாதிக்கப்பட்டவர், அவர் நியமித்த பிரதிநிதி, அல்லது அவர் சம்மதத்துடன் ஒரு பதிவு பெற்ற தொண்டு நிறுவனம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. விசாரணை மூடிய அறையில் நடப்பதால் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம்.

30 நாள் வரையிலான கட்டாயச் சேர்க்கையை எதிர்த்து மனு கொடுத்தால் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் நீளும் சேர்க்கை என்றால் 21 நாள். மற்ற மனுக்களுக்கு 90 நாள். முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்.

உள்ளே போனதும் சுவரைப் பாருங்க

ஒவ்வொரு மனநல மையமும் சீராய்வு மன்றத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்க வேண்டும். மனுப் படிவத்தையும் மையமே கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் மன்றத்தை இலவசமாக போனில் அழைக்கவும் அனுமதிக்க வேண்டும். இது 72ஆவது பிரிவு.

போதை மறுவாழ்வு மையங்கள் உட்பட எல்லா மனநல மையங்களும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்துத் தொடர்ந்தால் 5 லட்சம் வரை போகும். பதிவு பெற்ற மையங்களை 3 ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும்.

ஆக, உங்கள் உறவினரைச் சேர்க்கப் போகும்போது பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் மன்றத்தின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சேர்க்கும் முன் யோசியுங்கள்.

மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு கணித்தது. வயசாயிட்டா மறதி சகஜம்தானே என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் சட்டத்தில் மனநோய்க்கான விளக்கத்திலேயே நினைவாற்றல் பாதிப்பும் வருகிறது. அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாத அளவுக்கு மறதிநோய் முற்றியவர் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்கலாம்.

அதோடு 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் உண்டு. அதன் தீர்ப்பாயம் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. தென்காசி மாவட்டத்தில் தென்காசி, சங்கரன்கோவில் என 2 கோட்டங்கள். முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். முதியோர் இல்லம் பற்றிய புகார் என்றால் மாவட்ட சமூக நல அலுவலரை அணுகலாம்.

அருவிக்கரையில் தனியாக நின்றால்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன். அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் ஊர் பேரைச் சொல்லத் தெரியாமல் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. குடும்பத்தைத் தேடும் பொறுப்பும் போலீசுடையதுதான். வீட்டுக்குள் ஒருவர் அடைத்து வைக்கப்பட்டிருப்பது தெரிந்தால் அதையும் யார் வேண்டுமானாலும் காவல் நிலையத்தில் சொல்லலாம்.

தற்கொலைத் தடுப்பு: மருத்துவமனை மட்டும் போதுமா?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தனர். லட்சம் பேருக்கு 25.9 என்ற விகிதம் இது. நாட்டின் சராசரி 12.4.

தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்குப் போடுவார்கள் என்று பயந்து மருத்துவமனைக்கே போகாத குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமை என்கிறது 115ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆவது பிரிவு இல்லை.

ஆனால் எல்லா நெருக்கடியும் மருத்துவரிடம் வருவதில்லை. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. கந்துவட்டித் தொல்லை குறித்துப் பலமுறை மனு கொடுத்திருந்த, இன்றைய தென்காசி மாவட்டத்துக்குட்பட்ட காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் 4 பேரை நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் நாம் இழந்தோம். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதலே இருந்தது. மனு வாங்கும் மேசையும் உயிர் காக்கும் இடம்தான் என்று காட்டிய சம்பவம் அது.

2030க்குள் தற்கொலை இறப்பை 10 சதவீதம் குறைப்பது 2022இல் வெளியான தேசிய தற்கொலைத் தடுப்பு உத்தியின் இலக்கு. மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநல வல்லுநர்களை நியமிக்க 2017 சட்டம் கொடுத்த 10 ஆண்டு அவகாசம் 2028 மே மாதம் முடிகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

- மையத்தில் குறை இருந்தால் முதலில் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
- பதில் இல்லையென்றால் சீராய்வு மன்றத்துக்கும் மாநில மனநல ஆணையத்துக்கும் மனு அனுப்புங்கள்.
- திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தால் ரசீது வாங்க மறக்காதீர்கள்.
- நம்ம தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், மாத்திரை இருப்பு இருக்கிறதா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கலாம்.

*(மன உளைச்சலோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் தனியாக இருக்காதீர்கள். நெருங்கியவரிடம் பேசுங்கள். 24 மணி நேர இலவச மனநல உதவி எண்: 14416. தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண்: 104. சினேகா, சென்னை: 044-24640050. முதியோர் உதவி எண்: 14567.)*