பழைய வள்ளத்தைப் புதுக்குதல்

மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊர்களில், வீட்டு முற்றத்திலே தென்னங்கீற்றுப் பந்தலின்கீழ்ச் சிறு வள்ளம் ஒன்று கவிழ்ந்து கிடப்பதைக் காணலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர்த் தமிழகக் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. எனினும் மரவள்ளங்கள் முற்றும் மறைந்துவிடவில்லை. புதுப் படகு வாங்கப் பொருளில்லாத மீனவன், தந்தை விட்டுச்சென்ற வள்ளத்தைத் தானே செப்பனிட முற்படுகிறான். இவ்வேலையில் நேரும் பிழை பெரும்பாலும் கரையில் வெளிப்படுவதில்லை, கடலிலேதான் வெளிப்படும்.

பந்தல் எதற்கு எனக் கேட்கலாம். நீரில் ஊறிய பலகை வெயிலில் விரைந்து உலர்ந்தால் வெடித்துவிடும். ஆதலின் நிழலில் பல நாள் மெல்ல உலரவிடுகின்றனர். பின்னர் அடிப்புறத்தில் ஒட்டியுள்ள கொட்டலசையும் பாசியையும் பழைய வண்ணத்தையும் சுரண்டி நீக்குகின்றனர். அப்பொழுதுதான் மரத்தின் மெய்ந்நிலை தெரியும்.

அந்நிலையும் முழுவதும் தெரிவதில்லை. மரக்கலங்களின் பெரும்பகை கப்பற்புழு. பெயர் புழுவாயினும் அது புழுவன்று, சிப்பியினத்தைச் சேர்ந்தது. மிகச் சிறிய குஞ்சுப் பருவத்தில் ஊசி நுனியளவான துளையிட்டு மரத்தினுள் புகுகிறது. தலைப்புறத்திலுள்ள இரு சிறு ஓடுகளை அரமாகக் கொண்டு மரத்தை அராவி, உள்ளேயே நீண்டு வளர்கிறது. வெளியே பலகை பழுதற்றதுபோல் தோன்றும். உள்ளே தேனடைபோல் துளைபட்டிருக்கும். ஆகவே கண்ணை நம்பாமல் காதை நம்புகின்றனர். சிறு சுத்தியால் தட்டினால் நல்ல பலகை கணீரென ஒலிக்கும். அரிக்கப்பட்ட பலகை மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் கூரிய ஊசியால் குத்திப் பார்ப்பர். துளைகளை மெழுகால் அடைத்து, மேலே வண்ணம் பூசி மறைப்பாரும் உளர். அலைகளின் மோதலை அவ்வண்ணப் பூச்சு தாங்குமா?

கெட்ட பலகையை நீக்கும்போது, பழுது தென்படும் இடத்தோடு நில்லாமல், உறுதியான மரம் வரும்வரை வெட்டியெடுத்தல் வேண்டும். புதுப் பலகையின் ஒட்டு, அடுத்த பலகையின் ஒட்டுக்கு நேராக வரலாகாது. வந்தால் வலிமையற்ற இடங்கள் இரண்டும் ஓரிடத்தில் கூடிவிடும். வங்கு எனப்படும் வளைந்த உட்சட்டம் முறிந்திருந்தால், இயல்பாகவே வளைந்து வளர்ந்த கருவேலங் கிளையைத் தேடிப் பொருத்துவர். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் அதன் நார் அறுபடும். தானே வளைந்த கிளையிலோ நாரும் வளைவை ஒட்டியே செல்லும்.

ஆணியிலும் கருத்து வேண்டும். இரும்பாணி துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். செப்பாணி நெடுநாள் உழைக்கும். ஆனால் இரும்பும் செம்பும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் இரும்பு விரைவில் கரைந்துபோகும். பிரிட்டிஷ் கடற்படையினர் 1761-இல் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு போர்த்தினர். 1763-இல் ஆராய்ந்தபோது, தகட்டைத் தொட்டிருந்த இரும்பாணிகள் பல அரிக்கப்பட்டிருந்தன. பழுதுகளைக் கையிற்கிடைத்த ஆணியால் அவ்வப்போது தைத்த வள்ளங்களிலும் இக்கேடு நேரலாம்.

அடுத்தது கலப்பற்று, அஃதாவது பலகைகளின் இடைவெளியை அடைத்தல். பஞ்சைத் திரியாக முறுக்கி, மழுங்கிய உளியால் இடைவெளியில் செலுத்தி, அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயுடன் காய்ச்சிப் பூசுவர். இறுக அடைத்தலே நன்றெனப் புதியவர் எண்ணுவர். உலர்ந்த மரம் நீரில் ஊறிப் பருக்கும். அதற்கு இடமின்றி அடைத்தால் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி ஆணிகளைத் தளர்த்திவிடும். எவ்வளவு அடைப்பது என்பதைக் கைப்பழக்கமே கற்பிக்கும். இறுதியாக வெளிப்புறத்தில் மீனெண்ணெய் பூசுவர். அதன் நாற்றம் தெருவெங்கும் பல நாள் வீசும்.

வள்ளத்தை நீரில் இறக்கிய முதல் நாள் அதனுள் நீர் கசிவதைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. ஆழமற்ற நீரில் கட்டிவைத்து, கசிந்த நீரை இறைத்துக்கொண்டேயிருப்பர். மரம் ஊறிப் பருக்கப் பருக்கக் கசிவு குறையும். ஓரிரு நாள் சென்றும் ஏதேனும் ஓரிடத்தில் நீர் நில்லாது ஊறுமாயின், அவ்விடத்தில் கரியால் குறியிட்டு, வள்ளத்தை மீண்டும் கரையேற்றிவிடுவர். கடலுக்குச் செல்லும் நாள் இன்னும் ஒரு கிழமை தள்ளிப்போகும்.