அறுபது பேருக்கு எந்த அளவு கேக்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, காப்பாரில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடினோம். கேக் என் பொறுப்பு. பிரிக்பீல்ட்ஸில் வேலை முடித்து வீடு வந்து, மூன்று இரவுகள் ஆளுக்கு முன்னால் அடுப்போடு போராடினேன். 8 அங்குல வட்டக் கேக் மூன்றைச் சுட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கிரீம் பூசினேன். மேசையில் கோபுரம்போல நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் படம் எடுத்தார்கள்.

நாற்பது பேரை எதிர்பார்த்தோம். அறுபது பேர் வந்தார்கள். முக்கோணமாக வெட்டிக் கொடுக்க, 24 துண்டோடு கோபுரம் காணாமல் போனது. கடைசி மேசையில் ஜாலான் அக்கோப் தோட்டத்தில் அம்மாவோடு பால்மரம் வெட்டிய தோழிகள் உட்கார்ந்திருந்தார்கள். காலித் தட்டோடு நின்ற என்னைப் பார்த்து ஒரு பெரியம்மா சொன்னார்: “பரவால்லம்மா, எங்களுக்கெல்லாம் இனிப்புநீர். கேக் ஒத்துக்காது.” அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர்கள் போன பிறகுதான், “அவுங்கதான்டி முதல்ல வந்தாங்க” என்றார்.

அந்த ஒரு வரிதான் என்னைக் கணக்குப் போட வைத்தது.

உயரம் கண்ணுக்கு, பரப்பு பந்திக்கு

நான் செய்த தவறு அடுக்கியதுதான். கேக்கை உயர்த்தினால் துண்டு உயரமாகுமே தவிர, துண்டுகளின் எண்ணிக்கை கூடாது. மேல்பரப்புதான் எத்தனை பேருக்கு வரும் என்பதைச் சொல்லும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கும் கேக்கிற்கு ஒன்றரை அங்குல அகலம், இரண்டு அங்குல நீளத் துண்டு போதும். அதாவது ஒருவருக்கு 3 சதுர அங்குலம். வெறும் தேநீர் விருந்து என்றால் 4 வைத்துக்கொள்ளலாம்.

வட்ட டின்னின் பரப்பைப் பாருங்கள். 6 அங்குலம் என்றால் 28 சதுர அங்குலம். 8 என்றால் 50. 10 என்றால் 79. 12 என்றால் 113. ஆறிலிருந்து எட்டுக்குப் போனால் இரண்டு அங்குலம்தான் கூடுகிறது. கேக்கோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. பன்னிரண்டுக்குப் போனால் நான்கு மடங்கு. சதுர டின் இன்னும் லாபம்: 8 அங்குலச் சதுரம் 64 சதுர அங்குலம், 9 அங்குல வட்டத்துக்குச் சமம். வெட்டும்போது ஓரமும் வீணாகாது.

இப்போது என் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அந்த மூன்று கேக்கையும் அடுக்காமல் தனித்தனியாகச் சிறு துண்டுகளாக வெட்டியிருந்தால், ஒவ்வொன்றிலும் 16 வீதம் 48 துண்டு கிடைத்திருக்கும். அதே மாவு, அதே வெண்ணெய். கடைசி மேசைக்கும் ஏதோ போயிருக்கும்.

வெட்ட ஒன்று, கொடுக்க ஒன்று

போன மாதம் தம்பி மகளின் முதல் பிறந்தநாள். இந்த முறையும் அழைப்பு அறுபது பேருக்கு. நம் வீடுகளில் ஒருவரைக் கூப்பிட்டால் கூடவே ஒருவர் வருவார். பேரப்பிள்ளைக்குத் தாப்பாவ் கேட்பவர்களும் உண்டு. எனவே பத்துப் பேரைக் கூட்டி எழுபது என்று வைத்தேன். எழுபதை மூன்றால் பெருக்கினால் 210 சதுர அங்குலம்.

9க்கு 13 அங்குலச் செவ்வக டின் 117 சதுர அங்குலம். இரண்டு சுட்டால் 234. ஒவ்வொன்றையும் நீளவாட்டில் ஆறு, அகலவாட்டில் ஆறு என்று வெட்டினால் 36 துண்டு. இரண்டிலும் சேர்த்து 72. பிள்ளை கத்தி பிடித்து வெட்ட 6 அங்குல வட்டக் கேக் ஒன்று, அலங்காரமெல்லாம் அதில் மட்டும். பெரியவை இரண்டும் சமையலறையிலேயே துண்டாகித் தட்டில் வந்துவிட்டன. முட்டை சாப்பிடாதவர்கள் வருவார்கள் என்றால், அவர்களைத் தனியாக எண்ணி, முட்டையில்லாக் கேக்கைத் தனி டின்னில் சுட்டுவிடுங்கள்.

டின் மாறினால் மாவும் மாறும்

பவுண்டு கேக் என்ற பெயரே வெண்ணெய், சீனி, மாவு, முட்டை நான்கும் ஒவ்வொரு பவுண்டு என்பதால் வந்தது. நம் வீட்டில் 250 கிராம் வெண்ணெய்க் கட்டி ஒன்றுக்கு மற்றவையும் அதே எடையில் போட்டால், 8 அங்குல வட்ட டின்னுக்குச் சரியாக வரும். வேறு டின்னுக்கு எவ்வளவு என்று தெரியவில்லையா? இரண்டு டின்னிலும் குவளையால் தண்ணீர் ஊற்றி எண்ணிப் பாருங்கள். ஒன்றில் 7 குவளை, மற்றதில் 14 என்றால் பொருள்களும் இரண்டு மடங்கு. அடிப்பாகம் கழலும் டின் ஒழுகும். உள்ளே பிளாஸ்டிக் பை விரித்து ஊற்றுங்கள். கலவை பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் நின்றால் போதும். அதற்கு மேல் போனால் பொங்கி வழியும்.

டின் வாங்குமுன் அடுப்பின் உள்ளளவை டேப்பால் அளந்துவிடுங்கள். சுற்றிலும் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். அனல் சுற்றி வராவிட்டால் ஓரம் கருகி நடுப்பகுதி வேகாது. மேசை அடுப்புகள் பலவற்றில் 12 அங்குல வட்டம் நுழையாது. 9க்கு 13 பெரும்பாலும் நுழைந்துவிடும். பெரிய டின்னுக்குச் சூட்டைப் பத்து டிகிரி குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். கடிகாரத்தை நம்பாமல், நடுவில் குச்சி குத்திப் பாருங்கள். இரண்டு டின்னையும் ஒரே நேரத்தில் வைக்க முடியாதென்றால், முதலாவது வெளியே வரும் நேரத்தில் இரண்டாவதைக் கலக்குங்கள். பேக்கிங் பவுடர் கலந்த மாவு காத்திருந்தால் எழும்பாது.

அன்று தட்டை முதலில் கடைசி மேசைக்குத்தான் கொண்டுபோனேன். இனிப்புநீர் பெரியம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை டிஷ்யூ தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார்.

“பேரனுக்கும்மா,” என்றார்.