தோட்டம் போனது, சோறு குறையவில்லை

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் அன்றெல்லாம் விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆள்கணக்கு எடுப்பு. வெயில் ஏற ஏற மரத்துக்குள் நீர் அழுத்தம் குறைந்து பால் வடிவது நின்றுவிடும். அதனால் இருட்டிலேயே நிரைக்குள் இறங்கி, மரத்துக்கு மரம் குனிந்து வெட்டி, பிறகு அதே வழியில் மங்குப் பாலைச் சேர்த்து, நிறைந்த வாளிகளைச் சுமந்து ஸ்டோருக்குப் போக வேண்டியிருந்தது. அந்த உழைப்புக்கு, குவித்துப் போட்ட சோறும் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணியும் சரியாக இருந்தன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனையாயின, வீடமைப்புத் திட்டங்களாயின. சுங்கை சிப்புட் பக்கத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் தொழிற்சாலை ஷிப்டுக்கும் காவலாளி நாற்காலிக்கும் லாரி ஓட்டவும் போனார்கள். நடை போயிற்று. தட்டு மட்டும் மாறவில்லை.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தச் சர்க்கரை மிகுந்திருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இதற்குப் பரம்பரையும் ஒரு காரணம்தான். தெற்காசிய உடம்பில் மெலிந்த தோற்றத்திலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். ஆனால் பரம்பரையை மருத்துவர் மாற்ற முடியாது. தட்டையும் நடையையும் பற்றிப் பேச முடியும்.

எப்படிப் பேசுவது? ஈப்போவானாலும் சிற்றூரானாலும், ஒரு வெள்ளி கட்டிப் பார்க்கும் அரசாங்கக் கிளினிக்கில் கூட்டம் நெரியும். "சீனியைக் குறைங்க, நடங்க" என்பதோடு முடித்துவிடுவது எளிது. இதை நான் ஆலோசனை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். "காலையில தேத்தண்ணி எப்படிக் கலக்குவீங்கம்மா?" என்று மிஸ்ஸி (தாதி) கேட்டால்தான் உண்மை வெளியே வரும். "சீனியே போடறதில்ல மிஸ்ஸி, பால் மட்டுந்தான்" என்பார் அந்த அம்மா. அந்தப் பால் கெட்டிப்பால். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி சீனி. ஒரு நாளைக்கு நான்கு கப் என்றால் கணக்கு எங்கே போகிறது என்று அங்கேயே போட்டுக் காட்டலாம்.

பேச்சுக்குப் பலன் உண்டா என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே சான்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவை 2006இல் வெளியிட்டார்கள். தொடர் ஆலோசனையோ மாத்திரையோ பெறாதவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நோயாளியானார்கள். உணவு, நடை பற்றித் தொடர்ந்து பேசப்பட்டவர்களில் 39.3 விழுக்காடு. ஏறக்குறைய மெட்ஃபார்மின் மாத்திரை தந்த அளவுக்கே பலன்! இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. தராசு முள் அசையவில்லை என்று மனம் உடைந்து நடையை விட்டவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

எடை குறையாமலே நடை பலன் தருவதற்குக் காரணம் தசையில் இருக்கிறது. நடக்கும்போது சுருங்கி விரியும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏற்றம் தணிவது இதனால்தான்.

அதே சென்னைக் குழு பின்னர் 537 ஆண்களிடம் உணவு, நடை பற்றி நினைவூட்டும் கைப்பேசிக் குறுஞ்செய்தியைச் சோதித்தது. இரண்டாண்டு முடிவில், செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. 2013இல் வெளிவந்த முடிவு இது. நம் கிளினிக்குகளுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. செய்தி தமிழில் போகட்டும். இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கு அவர் நேரத்தில் போகட்டும்.

தட்டுக்கு, சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' இருக்கிறது: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். நம் சமையலில் கீரையும் முருங்கைக்காயும் புடலங்காயும் இருக்கும்போது இது கடினமில்லை. தொட்டுக்கொள்ளும் அளவிலிருந்து அவை தட்டின் பாதிக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே நோய் வந்தவரிடம் நடக்கச் சொல்லுமுன் அவர் காலைப் பார்க்க வேண்டும். நரம்பு மரத்த பாதத்துக்குக் கல் குத்தினாலும் தெரியாது. வீட்டு ஸ்லிப்பரோடு நடந்தால் புண்ணாகும். மூடிய காலணி வேண்டும். இன்சுலின் போடுபவர் என்றால், சர்க்கரை இறங்கித் தலைசுற்றினால் வாயில் போட ஒரு மிட்டாயும் பையில் இருக்கட்டும்.