கன்று வீச்சு நோய்: கோழிக் கரு காட்டிய உண்மை

காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் நெல்லோடும் தறியோடும் ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பியிருக்கும் குடும்பங்கள் பல. பசு ஏழாம், எட்டாம் மாதத்தில் கன்று வீசினால் கன்றும் போகும், பாலும் குறையும். 'கண்ணேறு பட்டது', 'வழுக்கி விழுந்தது' என்று காரணம் சொல்வதுண்டு. ஆனால், நஞ்சுக்கொடியும் விழாமல் தங்கினால் புரூசெல்லா கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். மாடுகளில் இதை 1897-இல் கண்டறிந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த பேங்க்.

1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பட்டிங், வோமாக் இருவரும் முட்டைக்குள் வளரும் கோழிக் கருவில் இக்கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். அது கருவின் உயிரணுக்களுக்கு உள்ளேயே புகுந்து பெருகியது. இது ஆய்வுக்கூடச் சோதனை மட்டுமே. முட்டை சாப்பிட அஞ்ச வேண்டாம்.

சினைப்பசுவிலும் இதுவே நடக்கிறது. நஞ்சுக்கொடியில் உள்ள எரித்ரிட்டால் என்ற பொருள் கிருமிக்கு நல்ல தீனி. அங்கே அது பெருகித் திசுவை அழிக்க, கன்றுக்கு ஊட்டம் நின்றுபோகிறது. உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை மருந்தால் முழுமையாக ஒழிப்பது கடினம். எனவே மாடுகளுக்குச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதில்லை, தடுப்பதே வழி.

செய்ய வேண்டியவை

* 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு எஸ்-19 தடுப்பூசியை ஒரு முறை போட வேண்டும். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இது இலவசம். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. இது உயிருள்ள கிருமி கொண்ட ஊசி. கால்நடை மருத்துவத் துறையினரே போட வேண்டும்.
* வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை அணிந்து, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நாய் இழுத்துச் செல்ல விடாதீர்கள்.
* பாலைக் காய்ச்சியே குடியுங்கள்; அபிஷேகப் பாலானாலும் சரி. மனிதருக்குத் தொற்றினால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி வரும். குறைந்தது ஆறு வாரம் மருந்து தேவைப்படும்.

வாசகர் கேள்வி

கன்று வீசிய பசு அடுத்த முறை நல்லபடியாக ஈன்றால் நோய் தீர்ந்ததாகக் கொள்ளலாமா?

கூடாது. பல பசுக்கள் ஒருமுறை வீசிய பின் முழுமாதக் கன்றே ஈனும். ஆனாலும் பாலிலும் ஈற்று நீரிலும் கிருமி வெளிப்படும். இரத்தப் பரிசோதனை செய்யாமல் அதைச் சந்தையில் விற்றால் நோய் இன்னொருவர் தொழுவத்துக்குப் போகும். முதலில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள்.